இறக்கைச் சின்னமும் நீல விளக்கும்

ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை ஊரே ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். அவர் எதைக் கையில் வாங்கினாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். ரூபாய் நோட்டானாலும் சரி, சேலையானாலும் சரி. வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. பட்டாளத்துச் சின்னங்கள் சேர்க்கிறவர்கள்கூட அசலா போலியா என்று கேட்க அவரிடம்தான் வருவார்கள்.

பழைய பங்களா சாமான்களோடு எனக்கொரு துணிச் சின்னம் கிடைத்தது. உலகப் போர்க்கால விமானியின் சட்டையிலிருந்த இறக்கைகள் என்று ஊரெல்லாம் அறிவித்துவிட்டேன். ஆதாரம் என் வாய்தான். அதை வாங்க சனிக்கிழமை நுவரெலியாவிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது.

அதற்கு முன் நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்தார். பிறகு கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கைப் பிடித்தார். இறக்கைகள் பளீரென்று ஒளிர்ந்தன.

“பாத்தீங்களா நானா, எப்புடி மின்னுது!”

“பழைய நூல் மின்னாது சேர். புது நூல் மின்னும். இல்லாட்டி சோப்புத்தூள் பட்ட நூல் மின்னும். கழுவினீங்களா?”

“ரெண்டு தரம்” என்றேன். வருகிறவர் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான்.

“அப்ப இனி இந்த வெளக்கு ஒண்ணும் சொல்லாது.”

“அசல்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு நம்பிருவாரு.”

“சோப்பு அசல். வேணும்னா எழுதித் தாறேன்.”

சனிக்கிழமை வந்தவரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

ஒன்றுதான் இன்னும் விளங்கவில்லை. பட்டுச்சேலையையே ஒற்றைக் கையால் தள்ளிவிடும் நானா, விளக்கைப் பிடித்துப் பார்த்த அன்று அந்தச் சின்னத்தை மட்டும் காகிதத்தில் மடித்து, இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தார்.