வாத்தியார் மேசையில் என் செல்போன்

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பில் செல்போன் வைத்துப் படிக்க விடலாமா கூடாதா என்று பேச்சு. உங்கள் மகள் அப்படிப் படித்தவள்தானே, வந்து சொல்லுங்கள் என்றார்கள். போனேன். எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவன்.

எனக்குத் திருத்தணி மலையில் வேலை. முடிகாணிக்கைக்கு வருகிறவர்களுக்கு மொட்டை போடுவேன். பாதிப் பேர் ஆந்திராக்காரர்கள். ஒரு குடும்பம் ஒருத்தரிடம் தலை கொடுத்தால், அடுத்த பிள்ளைக்கும் அவரிடமே வரும். அப்படி வருகிறவர்கள் ஊரில் கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். அதற்காகத்தான் செல்போன் வாங்கினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லார் கையிலும் வந்துவிட்ட காலம் அது.

மகள் தொண்ணூறுகளில் பிறந்தவள். சின்ன வயதிலேயே பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். மாலைக்கண் என்றார்கள். கீரை கொடுத்தோம், ஈரல் கொடுத்தோம். ஏழாவது படிக்கும்போது பகலிலும் போர்டு தெரியவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குப் பின்னால் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, கண்ணாடிக்கு அடங்காது என்றார் டாக்டர். முழுசாக எப்போது போகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

அதற்கப்புறம் காலையில் அவள் எழுந்ததும் ஏதாவது ஒன்றைக் கேட்பேன். கொடியில் என்ன துணி காய்கிறது, வாசலில் யார் போகிறார்கள் என்று. ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"உன் சட்டதான் நைனா. நீலம். தெரியுது. வேலக்கிப் போ."

மலையேறுகிற வரைக்கும் அந்தப் பதில் போதும். அப்புறம் போதாது.

ஒன்பதாவதில் பக்கத்துப் பெண் போர்டில் இருப்பதைக் காதோரம் படித்துச் சொல்வாள். பேசுகிறார்கள் என்று இரண்டு பேருக்கும் அடி விழும். மார்க் இறங்கியது. பெரிய டீச்சர், தலைமை ஆசிரியை, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அடுத்த வருஷம் பத்தாவது. பப்ளிக் எக்ஸாம். இந்தப் பொண்ணு எப்படி எழுதும்? சென்னையில பார்வை இல்லாத பசங்களுக்குன்னு ஸ்கூல் இருக்கு. ஹாஸ்டல் இருக்கு. டி.சி. குடுத்துடறேன். அங்க சேத்துடு. நான் கெட்டது சொல்லல."

கெட்டது சொல்லவில்லைதான். எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று அவள் காலுக்குத் தெரியும். குழாயடி தெரியும், ரோட்டில் எந்த இடத்தில் பஸ் வளையும் என்று தெரியும். இருக்கிற கொஞ்சப் பார்வையையும் புது ஊரில் தடவிக்கொண்டு தொலைக்க வேண்டும். அங்கே காலையில் அவளிடம் கொடித் துணியைக் கேட்க யார் இருப்பார்கள்?

வீட்டில் சொன்னேன். மனைவி அழுதாள். மகள் அழவில்லை. "எப்ப போவணும் நைனா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம் மொட்டை போடும் மண்டபத்தில் ஒரு சித்தூர்க்காரர் பிள்ளைக்கு முதல் மொட்டை போட்டேன். பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. அவர் அந்த அழுகையைச் செல்போனில் பிடித்தார். பிடித்ததை அங்கேயே போட்டார். பிள்ளை தன் அழுகையைத் தானே கேட்டு வாயை மூடிக்கொண்டது. தலையை அசைக்கவில்லை. மீதித் தலையை நிம்மதியாக முடித்தேன். கத்தியைக் கழுவும்போது நினைத்தேன். அழுகையைப் பிடிக்கிற போன் பாடத்தைப் பிடிக்காதா?

பஜாரில் செல்போன் கடைக்காரரிடம் கேட்டேன். என் போனிலேயே அது இருக்கிறது என்றார். ஒரு மெமரி கார்டு போட்டு, எந்தப் பொத்தான் என்று காட்டினார்.

பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னேன். சயின்ஸ் வாத்தியாரும் இருந்தார்.

"செல்போனா? க்ளாஸ்லயா? பசங்க கொண்டாந்தா நானே புடுங்கி பீரோல வெச்சிகினு இருக்கேன்" என்றார் டீச்சர்.

வாத்தியாருக்கு வேறு கவலை. "நான் க்ளாஸ்ல ஆயிரம் பேசுவேம்பா. திட்டுவேன். அத புடிச்சிகினு போயி யார்கிட்டனா போட்டுக் காட்டுனா? ஆபீசர் காதுக்குப் போனா?"

"எங்க ஊட்ல யாருக்கும் அது புரியாது சார்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கு வரவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். வராந்தாவில் நின்றேன். டீச்சர் போகும்போதும் வரும்போதும் பார்த்தார். கடைசியில் நின்றார்.

"ஒரு வாரம். சயின்ஸ் மட்டும். வெள்ளிக்கிழமை என் ரூம்ல வாயால கேப்பேன். சொல்லிட்டா பாக்கலாம். சொல்லலன்னா டி.சி. வாங்கிக்கோ. அப்புறம் இங்க வந்து நிக்கக் கூடாது."

"ஆங், சரிங்க."

திங்கட்கிழமை போனை மகளிடம் கொடுத்துவிட்டு மலையேறினேன். அவள் அதை வாத்தியார் மேசையில் வைத்திருக்கிறாள். பாடம் நடக்கும்போது யாரோ எனக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் போனில் முருகன் பாட்டுதான் ரிங். பாட்டு வந்ததும் பின் பெஞ்சு முழுக்க "அரோகரா" என்று சத்தம் போட்டிருக்கிறது. வாத்தியார் பிரம்பை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் மகள் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு. கடைக்காரரிடம் ஓடிப்போய்ச் சத்தம் வராமல் பண்ணிக்கொண்டு வந்தேன். சிம்மைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தேன். கழற்றினால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. போனுக்குள் மிஸ்டு கால் நிற்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சத்தம்தானே தொல்லை, சத்தம் போய்விட்டது.

செவ்வாய், புதன் சரியாக நடந்தது. சாயங்காலம் மகள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். வாத்தியார் குரல் எங்கள் வீட்டில் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். மனைவி சாப்பாடு வைக்கும்போது கேட்டாள்.

"இவுருக்கும் ஒரு தட்டு போட்டுடவா?"

அந்த வாரம் அவள் பேசிய ஒரே விளையாட்டுப் பேச்சு அது.

வியாழன், மாசக் கிருத்திகை. பள்ளிக்கூடம் உண்டு, ஆனால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்ணும் காவடிக்குப் போய்விட்டாள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. வருகிறவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள்.

"இன்னாபா, கீழ இருந்து அடிச்சிகினே இருக்கோம். போன் எடுக்க மாட்டியா? பெரிய ஆளாயிட்டியா?"

"அன்னா, போன் எத்தலேது" என்று அதையே தெலுங்கில் ஒருத்தர்.

ஒவ்வொருத்தர் திட்டும்போதும் போன் வாத்தியார் மேசையில் துடிப்பது எனக்குத் தெரிந்தது. கத்தி வைத்த தலையைப் பாதியில் விட்டு எழக் கூடாது. அது பாவம் என்பது எங்கள் வழக்கம். ஒரு தலை முடிந்தால் அடுத்த தலை குனிந்து காத்திருந்தது. கையில் தலை, நினைப்பு மேசைமேல். ஒரு பெரியவருக்குக் காதோரம் கீறிவிட்டேன். என் கையில் அப்படி நடப்பதில்லை. அவர் சந்தனத்தை அப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பாடம் வந்துச்சா?"

"வந்துச்சி நைனா."

"முழுசா?"

"நீ போயி சாப்புடு."

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. டீச்சர் அறையில் ஓரமாக நின்றேன். மேசைமேல் ஒரு காகிதம் கவிழ்ந்து கிடந்தது. டி.சி.யாக இருக்கும் என்று நினைத்தேன். அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். வாத்தியார் நாற்காலியில். மகள் நடுவில் நின்றாள். அவள் டீச்சர் பக்கம் திரும்பி நிற்பதாக நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். போய்த் திருப்பிவிடலாமா என்று இருந்தது. போகவில்லை.

"இதயம் எப்படி வேலை செய்யுது, சொல்லு" என்றார் டீச்சர்.

ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் சொன்னாள். இதயத்துக்கு நாலு அறை, மேலே இரண்டு, கீழே இரண்டு. உடம்பெல்லாம் சுற்றின கெட்ட ரத்தம் வலது மேல் அறைக்கு வருகிறது. "அங்கேர்ந்து கீழ் அறைக்கு எறங்குது. பின்னால யாருடா அது, ஆட்டுக்குட்டி மாதிரி கத்திகினு? எறங்குன ரத்தம் மேல ஏற முடியாது. ஏன்? நடுவுல கதவு இருக்கு. புரிஞ்சுதா? தலய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு."

வாத்தியார் குரல், வாத்தியார் இழுப்பு, அப்படியே. டீச்சர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"கீழ் அறையிலேர்ந்து ரத்தம் நுரையீரலுக்குப் போவுது" என்றாள். நின்றுவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

டீச்சர் மறுபடி கேட்டார்.

"அப்புறம் இன்னா ஆவுது?"

"அப்புறம் இல்ல டீச்சர்."

டீச்சர் கை அந்தக் காகிதத்துமேல் போனது.

வாத்தியார்தான் கேட்டார். "இன்னாம்மா இல்ல? நேத்து நடத்துனேனே."

"போன்ல அதோட நின்னுபோச்சு சார். கால் வந்துச்சுன்னா ரெக்கார்டு நின்னுடுது. நேத்துதான் தெரிஞ்சுது. நைனாகிட்ட சொல்லல. சொன்னா சாப்புடாது."

வாத்தியார் போனை வாங்கினார். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். போட்டேன். அவர் குரல் வந்தது. தன் குரலைக் கேட்கக் கூச்சம்போல, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது என்ற இடத்தில் நின்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"மேடம், நான் சொன்னத ஒரு சொல்லு விடாம சொல்லிச்சு" என்றார். "அதுகிட்ட வந்து சேராதத நாம எப்படி கேக்கறது? கண்ணு இருக்கற பசங்க இதுல பாதி சொல்லட்டும், பாக்கலாம்."

வாத்தியார் எழுந்து நின்றார்.

"திரும்பப் போடுப்பா" என்றார் என்னைப் பார்த்து. எனக்குப் புரியவில்லை. "ரெக்கார்டு, ரெக்கார்டு."

பொத்தானை அழுத்தினேன். அந்த அறையிலேயே மீதிப் பாடத்தை நடத்தினார். நுரையீரலில் ரத்தம் சுத்தமாகி இடது பக்கம் வருவது, அங்கிருந்து உடம்புக்குப் போவது. வெளியில் மணி அடித்தும் நிறுத்தவில்லை. மகள் உதடு அவர் கூடவே அசைந்தது. முடித்ததும், "இப்ப சொல்லு" என்றார். சொன்னாள்.

டீச்சர் காகிதத்தை எடுத்து மேசை டிராயரில் போட்டார்.

"இந்த வருஷம் வரைக்கும்தான். பத்தாவதுக்கு மறுபடி பாக்கணும்" என்றார். "போன் வாத்தியார் மேசையில இருக்கணும். வேற எந்தப் பசங்களும் கொண்டுவரக் கூடாது. மத்த வாத்தியாருங்க ஒத்துக்கணும், நான் கட்டாயப்படுத்த மாட்டேன். உள்ள சிம் இருக்கக் கூடாது."

"சரிங்க."

"உன் வேலைக்கு?"

"பாத்துக்கலாங்க."

மற்ற வாத்தியார்களில் கணக்கு டீச்சர் மாட்டேன் என்றார். தமிழ் ஐயா சரி என்றார். அவர்கள் ஒவ்வொருத்தர் முன்னாலும் போய் நின்றேன். அது தனிக் கதை.

திங்கட்கிழமை காலை சிம்மைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு யார் கூப்பிட்டார்களோ தெரியாது. பக்கத்து ஆளிடம் சில பேர் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். தெரிந்த முகங்கள். அவர்கள் என்னைப் பார்க்காதமாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாயங்காலம் மகள் கேட்பதற்கு முன்னால் நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். முதலில் மேசையில் எதையோ நகர்த்துகிற சத்தம். அப்புறம் சயின்ஸ் வாத்தியார்.

"போட்டியாம்மா? ஆங். எல்லாரும் வாய மூடுங்க. இது ஊட்டுக்குப் போவுது."

பாடம் எனக்குப் புரியவில்லை. எங்கேயாவது நின்றுவிடுகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் கையை நீட்டிக்கொண்டு எதிரில் நின்றாள். இரு, இரு என்றேன். மணி அடிக்கிற சத்தம் வரைக்கும் கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.