மூன்றாம் மாடிக்காரன் போட்ட ஊசி

மூன்றாம் மாடிக்காரனின் சங்கைப் பிடித்து நெரிக்க வேண்டும் என்று மச்சினன் நினைக்காத நாள் கிடையாது. பல் துலக்கும்போது நினைப்பான், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போதும் நினைப்பான். வருஷங்கள் ஓடிப்போய்த் தலையில் பாதி முடி கொட்டிவிட்டது, அந்த நினைப்பு மட்டும் கொட்டவில்லை. மச்சினன் அடிதடிக்காரன் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அவனுடைய அக்கா மடியில் ஒரு பிள்ளை இல்லாமல் போனதற்கு அந்த மூன்றாம் மாடிக்காரன் காரணம். யாரோ சொல்லிக் கேட்டதில்லை இது. அந்த ஆள் சொன்ன பொய்யைப் பக்கத்தில் நின்று தன் இரண்டு காதாலும் கேட்டவன் மச்சினன்.

பொய்யை நம்பியவர் அக்கா புருஷன். மச்சினனுக்கு மாமா, தொழில் கற்றுக்கொடுத்தவர், ஒரே பையில் ஸ்பேனர் போட்டுக்கொண்டு கூடவே திரிந்தவர். லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு யானை என்று பெயர். உடம்பும் அப்படி, நடையும் அப்படி. அப்பா பாதியில் விட்டுவிட்டுப் போன குடும்பம். சின்ன வயதிலேயே எண்ணெய் டப்பா தூக்கி இந்தத் தொழிலுக்கு வந்தவர், இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது காதோரம் நரைத்திருந்தது. அப்புறம்தான் கல்யாணம். அக்கா சீருடை தைக்கிற கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வயது கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, சீக்கிரம் ஒரு பிள்ளை.

மாமாவின் குறட்டை ஊரறிந்தது. ஒரு தடவை ஏதோ ஆபீஸ் கட்டிடத்தின் மெஷின் ரூமில் மத்தியானம் கண்ணசந்துவிட்டார். சத்தம் கேட்ட காவல்காரர், மோட்டார் பேரிங் போய்விட்டது, உடனே ஆளை அனுப்புங்கள் என்று கம்பெனிக்கு போன் போட்டுவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் குறட்டைதான் வியாதி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவருக்கு எப்போதும் அசதி. தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போவார். அக்கா பக்கத்தில் வந்து படுத்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வெளியே சொல்ல முடியுமா? ஒருநாள் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா உட்கார்ந்த வாக்கில் சாய்ந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருத்தன் மேலிருந்து இறங்கி வந்து பார்த்தான். மூன்றாம் மாடியில் ஆண்கள் நல மையம் நடத்துகிறவன். உன் மோட்டாருக்கே கரண்ட் போதவில்லை, நீ மற்ற மோட்டாரைப் பார்க்க வந்துவிட்டாயா என்று தோளைத் தட்டி, மேலே கூட்டிக்கொண்டு போனான்.

மேலே தோல் சோபா. சுவரில் சட்டை போடாத ஒருத்தன் புஜத்தை மடக்கிக்காட்டிக்கொண்டு நின்றான். சாப்பிட்டு முடித்த மத்தியான வேளையில் ரத்தம் எடுத்தான், கொஞ்ச நேரத்தில் வந்து ஆண் ஹார்மோன் கீழே கிடக்கிறது என்றான். டெஸ்டோஸ்டிரோன் ஊசி, பதினைந்து நாளைக்கு ஒன்று, ஆள் புலியாகிவிடலாம். அதோடு சரி. தூங்குகிறாயா என்று கேட்கவில்லை, குறட்டை விடுகிறாயா என்று கேட்கவில்லை.

மாமா சட்டைக் கையைச் சுருட்டும்போதே கேட்டார். இந்த இடத்தை மச்சினன் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பான் என்று கணக்கில்லை.

"சார், எங்களுக்குக் குழந்தை வேணும். அதுக்கு இதனால ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகும்யா. ரெட்டைப் பிள்ளையே ஆகும். கையை நீட்டு."

ஊசி வேலை செய்தது. அதுதான் கொடுமை. மாமா படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறினார். தொப்பை கரைந்து நெஞ்சு விரிந்தது. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டார். அக்கா முகத்திலும் ஒரு வெளிச்சம். யானைக்கு மதம் பிடித்துவிட்டது என்று கம்பெனியில் கிண்டல் ஓடியது, மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

பிள்ளை மட்டும் வரவில்லை. வருஷம் போனது, இன்னொரு வருஷமும் போனது. புருஷனைப் பார்த்தால் மல்யுத்தக்காரன் மாதிரி இருக்கிறான், அப்போது குறை யாரிடம்? மாமாவின் பெரிய தங்கை வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள், எங்கள் அண்ணன் தலையில் இப்படி ஒரு காய்ந்த கட்டையைக் கட்டிவிட்டார்களே என்று. அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அவளைத்தான் படுக்க வைத்துப் பரிசோதித்தார்கள். புருஷனையும் கூட்டி வாருங்கள் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். எனக்கென்ன குறை என்று மாமா சிரித்துவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். உடம்பு இப்படி இருந்தால் எவனுக்குத்தான் சந்தேகம் வரும்?

விஷயம் வெளியே வந்தது ரத்த தான முகாமில். லிஃப்ட் வேலைக்குப் போன கம்பெனி ஒன்றில் முகாம் நடந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமா வரிசையில் போய் நின்றார். நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்தாள், மறுபடி குத்திப் பார்த்தாள். அண்ணே, உங்க ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்கு, இதை எடுக்க மாட்டோம், உடனே டாக்டரைப் பாருங்க என்றாள். அதற்கு முன்பே முகம் கறுஞ்சிவப்பாகத்தான் இருந்தது, தலைவலியும் இருந்தது. வீரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டாள், விந்துப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தாள். உயிரணு ஒன்றுகூட இல்லை. அக்காவைப் பார்த்து, நீங்க என்ன வேலை பண்றீங்க என்றாள். தையல் என்றதும் அதிலேயே சொன்னாள்.

"வெளியிலேருந்து ரெடிமேட் துணி மூட்டை மூட்டையா வந்து இறங்குனா, தைக்கிறவங்க மெஷினை நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிடுவாங்கல்ல? அதான் நடந்திருக்கு. ஊசி உள்ள போச்சு. போதும்னு மூளை உத்தரவு போட்டுடுச்சு. விரை வேலையை நிறுத்திடுச்சு."

நிறையப் பேருக்கு இந்த மருந்து உண்மையாகவே தேவைப்படுகிறது, அவர்களுக்கு இது நல்ல மருந்து என்றும் சொன்னாள். காலையில் ரத்தம் எடுக்க வேண்டும், இன்னொரு நாள் காலையிலும் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும், எதனால் குறைந்தது என்று தேட வேண்டும், ரத்தம் கெட்டியாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை வேண்டும் என்கிறவனுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, அதற்கு வேறு மருந்து இருக்கிறது. மாமாவுக்கு இருந்தது தூக்கத்தில் மூச்சடைக்கிற வியாதி. அதைச் சரி செய்து உடம்பைக் குறைத்திருந்தால் ஊசியே வேண்டியிருக்காது.

ஊசியை நிறுத்தினார்கள். சோர்வு பழையபடி வந்து அப்பியது, முன்னைவிட மோசமாக. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். உடம்பு மெல்லத் திரும்பி, உயிரணு தலைகாட்டியபோது அக்காவுக்கு வயதாகி மாதவிலக்கே நின்றுபோயிருந்தது. அவள் அழவில்லை. மெஷினில் உட்கார்ந்து யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மச்சினன் வாசலில் நின்றான். ஆத்திரம் அவனுக்குள் குடிவந்தது அன்றைக்குத்தான்.

அவன் அடிக்கக் கிளம்பினான், மாமா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். புகார் கொடுத்தார்கள். விசாரிக்கிறோம் என்றவர்கள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கட்டிடத்து லிஃப்ட் இவர்கள் பொறுப்பு. மாதம் தவறாமல் போய் அவன் ஏறி இறங்குகிற வண்டிக்கு இவர்களே எண்ணெய் போட வேண்டும்.

லிஃப்ட் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே மெஷின் ரூமில் ஒருத்தர், கீழே கதவருகில் ஒருத்தர். மேலே இருப்பவர் சரியா என்று கேட்பார். கீழே இருப்பவர் சரி என்று சொன்னால்தான் பிரேக்கைத் தளர்த்துவார். பதில் வராவிட்டால் கட்டிட முதலாளியே வந்து கத்தினாலும் வண்டி ஒரு அங்குலம் நகரக் கூடாது. மச்சினனுக்கு மாமா முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்.

ஒரு மத்தியானம் அந்தக் கட்டிடத்திலிருந்து போன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒருத்தர். போய்ச் சேர்ந்தார்கள். மாமா மேலே ஏறிக் கரண்டை நிறுத்திவிட்டு பிரேக்கைப் பிடித்தார். மச்சினன் இரண்டாம் மாடிக் கதவைச் சாவி போட்டு ஒரு சாண் திறந்தான். இடுக்கில் வெள்ளைக் கோட்டு. வியர்த்து ஊற்றிய அந்த முகம்.

மேலிருந்து குரல் வந்தது, சரியா என்று.

மச்சினன் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி சரியா என்று வந்தது. அவன் நிதானமாகப் படியில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். உள்ளே இருந்தவன் முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான். மச்சினன் புகையை விட்டுவிட்டுக் கேட்டான்.

"என்னைத் தெரியுதா? எங்க மாமாவைத் தெரியுதா? யானை மெக்கானிக்."

"எந்த யானை? தினம் எத்தனையோ பேர் வர்றாங்கப்பா. முதல்ல கதவைத் திற."

மறந்தே போயிருக்கிறான். சாயங்காலம் வரைக்கும் உள்ளேயே கிடக்கட்டும் என்று மச்சினன் முடிவு கட்டினான்.

பதில் வராவிட்டால் மேலே இருப்பவர் பிரேக்கை இறுக்கிவிட்டு இறங்கி வந்து பார்க்க வேண்டும். மாமா அப்படியே இறங்கி வந்தார். இடுக்கைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். மாமா அவன் கையிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் மாடியில் காத்திருந்தவர்கள் எல்லாம் என்ன ஆச்சோ என்று படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லிட்டீங்கன்னா இறக்கிடறேன். குழந்தை வேணும்னு வர்ற ஆம்பளைக்கு உங்க ஊசி என்ன பண்ணும்?"

"அது ஆளைப் பொறுத்தது. இப்ப எதுக்குய்யா அது?"

"உங்களுக்கு மூச்சு விடக் காத்து இருக்கு. எனக்கும் அவசரமில்லை."

உள்ளே இருந்து, உயிரணு குறையும் என்று முனகல் வந்தது.

"சத்தமா சார். மேல நிக்கிறவங்களுக்குக் கேக்கலை. குறையுமா, நிக்குமா?"

"நிக்கும். நின்னே போயிடும், போதுமா?"

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"படிக்கும்போதே தெரியும்யா. திற."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தான். தெரியாமல் செய்துவிட்டான் என்று ஒரு மூலையில் அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நம்பிக்கை போன இடத்தில் மச்சினனுடைய ஆத்திரமே வந்து உட்கார்ந்தது. படிக்கட்டில் நின்றவர்களில் ஒருத்தன், கழுத்துச் சங்கிலி புதுசு மங்காத மாப்பிள்ளை, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று இறங்கிப் போனான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். மாமா கடைசி ஆள் தெருவுக்குப் போகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு மேலே ஏறினார். சரியா என்றார். சரி என்றான் மச்சினன். வண்டி இறங்கியது.

இரண்டு பேரையும் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியது. வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் மாடியில் கூட்டம் வற்றி, கடைசியில் போர்டு இறங்கியது. லிஃப்ட் நின்ற அன்றைக்கு ராத்திரி அக்கா திரும்பத் திரும்பக் கேட்டது, வெள்ளைக் கோட்டுக்காரன் என்ன முகத்தோடு வெளியே வந்தான் என்பதைத்தான். மச்சினன் நடித்தே காட்டினான். அவள் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மாமா தூங்கும்போது மூக்கில் மாட்டுகிற காற்று மெஷினோடு சில வருஷம் நன்றாகவே இருந்தார். அப்புறம் நெஞ்சு வலி வந்து படுத்துவிட்டார். பழைய கெட்டி ரத்தம் செய்த வேலையா, உடம்பு பருமனா, குடும்ப வாகா என்று டாக்டர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மச்சினனுக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேதியைச் சொன்னான். மூன்றாம் மாடிக்காரன் ஊரின் அந்தக் கோடியில் மறுபடி கடை போட்டிருக்கிறான். இந்தத் தடவை தரைத்தளம்.

மாமா சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. பிறகு மச்சினனின் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"மாப்ளே, வாரத்துல ஒருநாள் அங்க போய் உக்காரு. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட, கல்யாணம் ஆச்சா, குழந்தை வேணுமான்னு கேளு. வேணும்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து டாக்டரம்மாகிட்ட விடு. ஒருத்தனையும் உள்ள போக விடாதே. அவன் கடையில பூட்டுத் தொங்குற வரைக்கும் போ. அதுக்கப்புறம் எங்க திறக்கிறான்னு விசாரிச்சு, அங்கயும் போ."