முன்னால் போன செவலை

எஸ்டேட்டின் காப்பி நாற்றங்கால் படலைத் திறந்துவிட்டவள் நான்தான். பாவாயியின் மாடு முட்டித் திறக்கவில்லை. நான் திறந்தேன்!

எங்கள் மலையூர் கொட்டச்சேட்டில் ஊர் மாடுகளை வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து மேய்ப்போம். மேய்ச்சல் காட்டுக்குப் போக துரையின் எஸ்டேட்டுக்குள் ஒரே ஒரு தடம். ஒரு காலத்தில் அது எங்கள் மண். இப்போது துரை மனது வைத்து விட்ட வழி. காப்பிக்குள் ஒரு மாடு நுழைந்தாலும் தடத்தை அடைத்துவிடுவதாக கணக்கெழுதும் ரைட்டர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

மந்தைக்கு முன்னால் நடப்பது பக்கத்து வீட்டுப் பாவாயியின் செவலை. அது நின்றால் எல்லாம் நிற்கும். என் கறுப்பு மாடு காரிகூட அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போகும்! ஊரே செவலையை மெச்சும். மெச்சும்போது பாவாயியைப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு வயிறு எரிந்தது. அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஒன்றுமில்லை... அதனாலேயே இன்னும் எரிந்தது.

என் முறை வந்த ஒரு காலையில் தடத்தை ஒட்டிய நாற்றங்கால் படலை விலக்கி, செவலையை மட்டும் உள்ளே தட்டிவிட்டேன். அதற்கு ஒரு கெட்ட பெயர் வரட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். நம்புகிறீர்களா?

முன்னால் போகிற மாடு நுழைந்தால் மற்றவை என்ன செய்யும்? மாடு மேய்க்கிற எனக்கு அது தெரியாதா! பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. மொத்த மந்தையும் உள்ளே போனது. என் காரியும் போனது. நாற்றுகள் மண்ணோடு மண்ணாயின.

மாலைக்குள் தடத்தில் முள்வேலி விழுந்தது. ஊர் கூடியது. நடந்ததைச் சொல்லும்படி ஊர்க்கவுண்டர் என்னைக் கேட்டார்.

"பாவாயி ஊட்டுச் செவலைதானுங்க முன்னால போச்சு," என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, பாருங்கள்!

செவலைதான் படலை முட்டித் திறந்தது என்று நம்பி, அதை இனி மந்தையில் சேர்ப்பதில்லை என்று ஊர் முடிவு செய்தது. வெளியே வந்ததும் பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க முறையன்னிக்குப் போயி இப்படி ஆயிப்போச்சுங்களே அக்கா. நொம்பப் பயந்துட்டீங்களா?"

நான்கு வருடமாகிறது. மலையைச் சுற்றித்தான் மேய்ச்சலுக்குப் போகிறோம். முன்னால் நடக்க மாடில்லாமல் மந்தை சிதறுகிறது. ஊரார் இன்னும் பாவாயியைத்தான் வைகிறார்கள்.

காரி மட்டும் தினமும் காலையில் அவள் வாசலில் நின்றுவிடுகிறது. கட்டுத்தறியிலிருந்து செவலை குரல் கொடுக்கும். பாவாயி வந்து காரியின் கழுத்தைத் தடவி, "போ சாமி, அக்காகூடப் போ," என்பாள்.

அப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வரும். காரி நகர்ந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் நகர்ந்துவிடுகிறேன்.