வழியில் நிற்கக் கூடாத கார்

ஊருக்கெல்லாம் எது நல்ல நேரமோ, அதுவே கல்யாணக் கார் ஓட்டுகிறவனுக்குக் கெட்ட நேரம். பெங்களூர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, முகூர்த்தம் தவறிவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காவது அந்தக் கஷ்டம் வாழ்க்கையில் ஒன்றிரண்டு தடவை. எனக்கு முகூர்த்த நாள்தோறும்.

நான் ஓட்டுவது ஒரு பழைய அமெரிக்கக் கார். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். இளநீர்ப் பச்சை நிறம். பின்பக்கம் இரண்டு இறக்கைகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றில் சிவப்பு விளக்குகள். முதலாளி தேவராஜ் சாரின் அப்பா, குடகில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் வாங்கியது. கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த ஊரில் அந்தக் கார்கள் ரொம்பக் குறைவு. பெயரைச் சொன்னால் முதலாளியின் வீட்டு வாசலைக் கைகாட்டிய மாதிரி ஆகிவிடும். அந்தப் பெயருக்கு அமெரிக்காவில் இருக்கும் மதிப்பை மட்டும் சொல்கிறேன். ஒரு பேனாவோ கட்டிலோ அந்த வகையிலேயே உசத்தி என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு இந்தக் காரின் பெயரைச் சொல்லித்தான் புகழ்வார்களாம்.

அந்த உசத்தியான கார் போன வருஷம் இரண்டு தடவை நடுரோட்டில் நின்றுவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் சாரின் மகள், இனிமேல் இந்தத் தலைவலி வேண்டாம், விற்றுவிடுங்கள் என்றார். ஏர்போர்ட் பக்கம் ஹோட்டல் கட்டுகிற ஒருவர், வரவேற்புக் கூடத்தில் அழகுக்கு நிறுத்தி வைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சார் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வழியில் நின்றால் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கார் போனால் லிங்கராஜபுரத்தில் இருக்கும் ஷெட் தேவையில்லை. ஷெட் போனால் அதன் மேலே நான் குடியிருக்கும் அறையும் போகும். அறுபதைத் தாண்டியவனை, அதுவும் இத்தனை வருஷமாக ஒரே ஒரு காரை மட்டும் ஓட்டியவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? இனி வருவதெல்லாம் அந்தப் பயத்தோடு ஓட்டிய ஓட்டங்கள்.

தூங்கிக்கொண்டே ஓட்டியவர்

இந்தக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம். அது தெரியாதவர்களுக்கு, வலது பக்கம் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் டிரைவர். ஒரு கல்யாணத்தில் அந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா உட்கார்ந்தார். திருவண்ணாமலையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவர். கார் கிளம்பியதுமே தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

ரிச்மண்ட் சர்க்கிளில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் கையை நீட்டி ஓரங்கட்டச் சொன்னார். நேராக மாமாவிடம் போய், "ஏன் ரீ, தூங்கிட்டே வண்டி ஓட்றீங்களா? எஞ்ஜின் ஆஃப் மாடி" என்று கன்னடமும் தமிழுமாக எஞ்ஜினை அணைக்கச் சொல்லித் தோளில் தட்டினார். எனக்கு உயிர் போய்விட்டது. இந்தக் காரை, சூடான பிறகு அணைத்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆறுகிறவரைக்கும் ஸ்டார்ட் ஆகாது. ரிச்மண்ட் சர்க்கிளில் ஆறப்போட்டால் அடுத்த நாளே ஹோட்டல்காரர் வந்துவிடுவார். "சார், டிரைவர் நான். என்ன வேணா கேளுங்க, ஆஃப் மட்டும் பண்ணச் சொல்லாதீங்க" என்று இந்தப் பக்கத்திலிருந்து கெஞ்சினேன். அவர் என்னையும் ஸ்டியரிங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதற்குள் மாமா கண்ணைத் திறந்து, காக்கித் தொப்பியைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "நான் மாப்பிள்ளைக்குத்தான் சார் மாமா. வண்டிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

முதலில் ஸ்டார்ட் ஆனது

என் மனைவி தவறிப்போன பிறகு சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் கார் பத்திரிகைகள் வாங்கி வந்து, எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தேன். நான் ஓட்டும் காரின் சரித்திரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. முன்னூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு நகரத்தை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்திருக்கிறார்கள். பானெட்டில் இருக்கும் முத்திரை அவருடைய குலச்சின்னம். அந்தக் குலப்பெருமையை அவராகவே உண்டாக்கிக்கொண்டார் என்றும் ஒரு பத்திரிகையில் போட்டிருந்தது. பின்னால் நிற்கும் இறக்கைகள், ஒரு போர் விமானத்தின் வாலைப் பார்த்து வந்த யோசனை.

என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி வேறு. அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் செய்ய, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் கை உடையும். அந்தத் தொல்லையே இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து மின்சாரத்தில் ஸ்டார்ட் ஆகும்படி முதலில் செய்து விற்றது இந்தக் கம்பெனிதானாம். ஸ்டார்ட் ஆகாமல் போய்விடுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருப்பது அப்பேர்ப்பட்ட வம்சத்து வண்டியில். அடுகோடியில் இதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் பாஷா பாயிடம் இதைச் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், முகத்தைக் கூட வெளியே காட்டாமல் சொன்னார்: "எல்லாருக்கும் முன்னாடி ஸ்டார்ட் ஆனவன்ல மாணிக்கண்ணே, அதான் எல்லாருக்கும் முன்னாடி களைச்சுப் போயிட்டான்."

பின்னால் போகாத பெண்

அடுகோடியில் ஒரு சந்து. பெண்ணை வீட்டிலிருந்து ஏற்றி, ஆரத்தி சுற்றி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். எதிரில் ஒரு தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும். நான் ரிவர்ஸில் கை வைத்ததும், பெண்ணின் அப்பா பாய்ந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். பெண் ஏறி முன்னால் கிளம்பின வண்டி பின்னால் போகக் கூடாது, போனால் பெண்ணும் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் பக்கம். நான் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது சூடு காட்டும் முள்ளை. அது மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நின்றபடி ஓடுகிற எஞ்ஜின் கொதித்துவிட்டால், அதுவும் வழியில் நின்ற கணக்குத்தான்.

பெண்ணின் அப்பா டேங்கர்காரரிடம் போய், நீங்கள்தான் பின்னால் போக வேண்டும் என்று அதட்டினார். அந்த மனிதர் பீடியை அணைத்துவிட்டு ஏதோ சொன்னார். அப்பா திரும்பி வந்து, பெண்ணைக் கீழே இறக்கினார். காலி வண்டியை நான் சந்து முனை வரை பின்னால் எடுத்தேன். டேங்கர் போனதும் பெண்ணை மறுபடி ஏற்றி, மறுபடி ஆரத்தி, மறுபடி எலுமிச்சம்பழம். முள் சிவப்பைத் தொடுவதற்குள் மெயின் ரோட்டுக் காற்று கிடைத்துவிட்டது. டேங்கர்காரர் என்ன சொன்னார் என்று பெண்ணின் தம்பி வழியில் எனக்குச் சொன்னான்: "என் வண்டில கங்கம்மா உக்காந்திருக்கா சார். உங்க பொண்ணு பின்னால போகக் கூடாது, அவ மட்டும் போலாமா?"

கண்ணாடியில் பூ

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அல்சூரில் ஒரு வீட்டில், பெண்ணை ஏற்றும் நேரத்தில் அவளுடைய அத்தை என்னிடம், "டிரைவரய்யா, வீட்டுக்காரம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அவர் எதற்காகக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. தவறிவிட்டாள் என்றேன். ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது. ஓரமாகப் போய்ப் பேசினார்கள். இடது பக்க ஸ்டியரிங்கில் கை வைக்க வேறு யாருக்கும் துணிவில்லை. கடைசியில் அத்தை தட்டிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியின் மேல் முழுக்க மறைக்கிற மாதிரி சுற்றினார். "ஓட்டுங்க. பொண்ணு முகத்தை மட்டும் கண்ணாடில பாக்காதீங்க." பெண்ணிடமும், கிளம்பின பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேறு வண்டியில் ஏறினார்.

பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் பெங்களூரில் கார் ஓட்டிப் பாருங்கள். வெளியே இருக்கும் சின்னக் கண்ணாடியில் இறக்கையும் ஆகாயமும்தான் தெரியும். ஹாரன் சத்தத்தை வைத்துக் குத்துமதிப்பாக ஓட்டினேன். ஒரு பஸ் உரசினால் போதும், எல்லாம் முடிந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின் சீட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது. பெண்தான். "அங்கிள், லெஃப்ட்ல ஆட்டோ ஒண்ணு நுழையறான்" என்றாள். பிறகு "பஸ், பஸ், விட்டுடுங்க" என்றாள். மண்டபம் வரைக்கும் அந்தக் குரலை வைத்துத்தான் ஓட்டினேன். இறங்கும்போது குனிந்து, அத்தை காதில் விழாமல் சொன்னாள்: "வழி பூரா நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அங்கிள்."

பொம்மனஹள்ளி

பயந்தது கடைசியில் நடந்தது. மாப்பிள்ளை சதீஷ், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். அம்மா வேலூர் பக்கம். பின் சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து, போனில் ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், அமெரிக்க ஜனாதிபதி போகிற கம்பெனியின் காரில் பிள்ளை மண்டபத்துக்குப் போகிறான் என்று. பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோடு அடைத்துக்கொண்டு நின்றது. சாட்டையால் அடித்த மாதிரி ஒரு சத்தம். முள் விறுவிறுவென்று ஏறியது. விசிறி பெல்ட் அறுந்திருந்தது. தண்ணீரைச் சுற்ற வைப்பதும் அந்த பெல்ட்தான். டிக்கியில் இருந்த மாற்று பெல்ட்டை முந்தின மாதம்தான் மாட்டியிருந்தோம்.

மண்டபத்தின் வாழைமரம் அங்கிருந்தே தெரிந்தது. எப்படியாவது உருட்டிக்கொண்டு போய்விடலாம். போய்ச் சேர்ந்துவிட்டால் வழியில் நிற்கவில்லை என்று ஆகும், என் அறை எனக்கு இருக்கும். ஆனால் எஞ்ஜின் வெந்து பிடித்துக்கொள்ளும். அந்த எஞ்ஜினுக்கு இந்த நாட்டில் மாற்று கிடையாது. நின்றால் போவது என் வேலை, ஓட்டினால் போவது வண்டி. அந்தச் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தேன். பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சதீஷ் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சித்தப்பா மகனின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினான். என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "விடுங்கண்ணே, தினமும் ஆபீசுக்கு இப்படித்தான் போறேன்" என்றான்.

லாரி

சாருக்குப் போன் செய்தேன். "டோயிங் லாரி அனுப்பறேன். ஷெட்டுக்குக் கொண்டு வா" என்றார். லாரி வந்து, காரை அப்படியே மேலே இழுத்து ஏற்றிக் கட்டினார்கள். மாலை, பலூன் எல்லாம் அப்படியே இருந்தன. அதுவரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் ஓரமாக வந்து நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் போகவில்லை. கார் ஷெட்டுக்குப் போகிறது என்றதும், "அதெப்படி? மண்டபத்துக்கு வரும்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. மண்டபத்துக்குத்தான் வரணும்" என்று பட்டுப்புடவையோடு லாரியின் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். லாரி டிரைவர் என்னைப் பார்த்தார். நான் மண்டபத்தைக் காட்டினேன்.

லாரி வாசலுக்கு வந்ததும் மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காரைக் கீழே இறக்கி, பத்துப் பேர் தள்ளி, வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தாலி கட்டி முடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு சம்பந்தி வீட்டார், பிறகு சமையல்காரர்கள். இறக்கையைத் தடவிப் பார்க்கக் கூட்டம். இது ஓடியா வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சார் வந்து சேர்ந்தார். திட்டு வாங்கத் தயாராக அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அம்மா சிரித்தார். "எப்படி வந்தா என்ன சார், வந்துடுச்சில்ல. ஊர்ல காரைப் பத்தித்தான் பேசப் போறாங்க, லாரியைப் பத்தி யார் பேசப் போறாங்க?"

சார் அந்தக் கூட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. கன்னடத்தில் பேசினார், ஹோட்டல் என்ற வார்த்தை ஒரு முறை காதில் விழுந்தது, பிறகு விற்க வேண்டாம் என்றார். போனை ஜேபியில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "வழியில ஓடினாத்தானே மாணிக்கம் வழியில நிக்கும்? இனிமே ஓட வேணாம். லாரியில போகட்டும், நீ கூடப் போ."

ஆக, உலகத்திலேயே உசத்தி என்று பெயர் வாங்கிய காருக்கு டிரைவரான நான், இப்போது முகூர்த்தம் தவறாமல் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் கட்டிய கயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, என் காலுக்குக் கீழே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறேன்.