ஒரே பாட்டிலில் இரண்டு பேரினம்

போன வாரம் விருத்தாசலம் போயிருந்தேன். என் மனைவியின் தம்பி செல்வம் அங்கே கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். மற்றவர்கள் செராமிக் பொம்மை வாங்கப் போகிற ஊரில், இவர் பொம்மைக் கம்பெனி பின்புறம் உடைந்த கப்புகளைப் புரட்டி எட்டுக்கால் பூச்சி பிடிப்பார். தாவும் சிலந்தி! வலை கட்டாது. பூனை மாதிரி பதுங்கி, பாய்ந்து பிடிக்கும்.

அப்படிப் பிடித்ததில் இரண்டை வீட்டில் தனித்தனி பாட்டிலில் வளர்த்தார். ஒன்று வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு ஆண். மற்றது மண் நிறப் பெண். இரண்டும் வேறு வேறு பேரினம் என்பது அவர் முடிவு. பேரினம் என்றால்... நெருங்கிய சொந்தமான சிலந்திகளுக்குப் பொதுவான இனிஷியல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கறுப்பன் ஏற்கெனவே பெயர் வைத்த பேரினம். அந்தப் பெண்ணோ, உலகத்துக்கே புதுப் பேரினமாம். கட்டுரைகூடப் பாதி எழுதிவிட்டார்.

"ஒரே கஷ்டம் மாமா. கறுப்பனுக்குப் பொண்ணு கெடைக்கல. இதுக்கு மாப்பிள்ள கெடைக்கல. தேடிக்கிட்டே இருக்கேன்" என்றார், பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழியில்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் மாறிவிட்டது. மேஜையில் ஒரே ஒரு பாட்டில்.

"காஞ்சனா, இன்னொண்ணு எங்க?"

"ஊறுகா போட பாட்டில் இல்லீங்க. ரெண்டும் எட்டுக்கால் பூச்சிதான, ஒண்ணா வுட்டுட்டேன்" என்றாள் அவர் மனைவி.

செல்வம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ண ஒண்ணு தின்னுடும்மா..."

காஞ்சனாவின் முகம் வாடிப்போனது. மூவரும் பாட்டிலருகே குனிந்தோம்.

இரண்டும் உயிரோடு இருந்தன. கறுப்பன் முன்னங்கால்களைத் தூக்கினான். இடப்பக்கம் நாலு எட்டு, வலப்பக்கம் நாலு எட்டு. உடம்பை உதறினான். பெண் அசையாமல் பார்த்தது. செல்வம் மூச்சு விடுகிறாரா என்றே எனக்குச் சந்தேகம். கறுப்பன் நெருங்கினான், பின்வாங்கினான், மறுபடி ஆடினான். கடைசியில் அந்தப் பெண் மெல்லக் கால்களை மடக்கிப் படுத்தது. அவன் அதன் மேல் ஏறிக்கொண்டான்.

"சண்டைங்களா?" காஞ்சனா கேட்டாள்.

"இல்லம்மா... கல்யாணம்." செல்வம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டும் ஒரே இனம், ஆணுக்கும் பொண்ணுக்கும் நெறம்தான் வேற. புருஷனையும் பொண்டாட்டியையும் நான்தான் வேற வேற குடும்பத்துல எழுதி வெச்சிருக்கேன்."

"அப்ப உங்க கட்டுரை?"

"போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள்... வாய் நிறைய. கேமராவை எடுத்துவந்து ஜோடியைப் படம் பிடித்தார். "நீ மட்டும் சேத்து வுடலன்னா நான் தப்பாவே எழுதி அனுப்பியிருப்பேன்" என்று மனைவியிடம் சொன்னார். காஞ்சனாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! தன் கணக்கு தப்பு என்று கண்ணெதிரே தெரிந்தாலும், உலகம்தான் தப்பாக நடக்கிறது என்று அடம்பிடிப்பவர்களை? நானும் எழுதுகிறவன்தான். பாதிக் கட்டுரையை இப்படிச் சிரித்துக்கொண்டே தூக்கிப்போட என்னால் முடியுமா? தெரியவில்லை.

அன்று மதியம் செல்வம் மூன்றாவது முறை குழம்பு கேட்டு வாங்கினார் — தோற்றுப்போன நாளில் இவ்வளவு ருசித்துச் சாப்பிட்ட மனிதரை நான் பார்த்ததே இல்லை.