சகிக்காவிட்டாலும் உட்கார்ந்திருந்தவர்

மும்பை செம்பூரில், எங்கள் காலனி ஹாலில், ஒரு பெண் டிரம்ஸ் வாசித்த ராக் ஆல்பத்தை, அவளையும் வரவழைத்து உட்காரவைத்துப் போட்டார்கள். தாளம் ஏழு எண்ணிக்கையில் தொடங்கிப் பதினொன்றுக்குத் தாவியது. டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலித்ததும், கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்துவிட்டதைப் போல, நாற்பதில் இருபத்தாறு பேர் காபிக்கு எழுந்தார்கள். என்ன பழக்கம் இது! அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது.

முன்வரிசையில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் முழங்காலில் தாளம் போட்டு, தவறவிட்டு, மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிக் கத்தினார்: "உக்காருங்கோ ஓய்! எனக்கும்தான் சகிக்கலை. முழுக்கக் கேட்டுட்டுத் திட்டுங்கோ!"

யாரும் உட்காரவில்லை. முடிந்ததும் எழுந்துபோனவர்களே வந்து, "பிரமாதம்" என்று அவள் கையைக் குலுக்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மட்டும், "தலைவலி வந்துடுத்தும்மா" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "எந்த இடத்துல, மாமா? ஏழுலயா, பதினொண்ணுலயா?"