நான்கு வாசலும் ஒரு பெயரும்

1999ஆம் வருஷம் ஏற்காட்டில் இன்டர்நெட் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் லாட்ஜ்காரர் பாலசுப்பிரமணியம். வைத்திருந்தார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கம்ப்யூட்டர் இருந்த அறை வாசல் வரை வருவார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், "எல்லாம் ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். ஓட்டிக்கொண்டிருந்தவள் சென்னம்மாள்.

சென்னம்மாள் தலைச்சோலைக்காரி. அந்த ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிப் பாஸான முதல் பெண். ஏற்காட்டில் ஒரு மாடி அறையில் நடந்த டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்து லோயர் பரீட்சையும் பாஸ் செய்திருந்தாள். இவ்வளவு படிப்புக்கும் அவளுக்குக் கிடைத்த வேலை லாட்ஜில் போர்வை துவைப்பது. எட்டு வருஷம் துவைத்தாள். உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததைப் போய்ச் சொல்வானேன் என்று அவளும் இருந்துவிட்டாள். அந்த மலைக்காரர்களிடம் இந்தக் குணம் உண்டு. பக்கத்தில் நிற்பவன் தவறான பஸ்ஸுக்குக் காத்திருந்தால்கூட, அவனாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

1998இல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்த சேலத்துக்காரன், "யாருங்க இதுல உக்காரப் போறது?" என்றான். மேனேஜர் சுவரைப் பார்த்தார். முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேறு வழியில்லாமல் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்துப் பார்த்தார். முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. துவைத்த போர்வைகளோடு அந்தப் பக்கம் வந்த சென்னம்மாள் நின்று வேடிக்கை பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. "ஏனுங்க, நான் வேணா அடிக்கட்டுங்களா?" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவளை அதன் பிறகு யாரும் எழுப்பவில்லை.

அடுத்து, லாட்ஜுக்கு வெப்சைட் வேண்டுமென்று முதலாளிக்குத் தோன்றியது. சென்னையில் ஒரு கம்பெனி இடம் கொடுத்தது. இடம் என்றால் அங்கே ஓடும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஒரு மூலை. அந்த மூலைக்குப் போய்வர நான்கு பெயரும் நான்கு பாஸ்வேர்டும் கூரியரில் வந்து சேர்ந்தன.

"ஒரு அக்கவுன்டுன்னுதான சொன்னான். எதுக்கு நாலு சாவி?" என்றார் பாலசுப்பிரமணியம்.

"நாலு வாசலுங்க" என்றாள் சென்னம்மாள்.

அப்படித்தான் அவள் புரிந்துகொண்டாள். நாம் யார், எந்த ஊர், அக்கவுன்ட் எப்போது முடிகிறது என்று கம்பெனி எழுதி வைத்திருக்கும் பக்கம் ஒன்று. கன்ட்ரோல் பேனல் என்பது இன்னொன்று. புதுசாக ஒரு மெயில் பெட்டி வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் உண்டாக்க வேண்டும். பூக்கண்காட்சிப் படத்தையோ அறையின் படத்தையோ வெப்சைட்டில் ஏற்றுவதற்கு மூன்றாவதாகத் தனி வழி. வந்த கடிதங்களைப் படிக்கும் மெயில் பெட்டி நான்காவது. ஒன்றின் பாஸ்வேர்டை இன்னொன்றில் போட்டால் திறக்காது. மூன்று தரம் தப்பாகப் போட்டால் அரைமணி நேரம் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். முதல் மாதம் முழுக்க அவள் இந்த நான்கு வாசலுக்கும் நடையாய் நடந்தாள். சேலத்துக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இன்டர்நெட்டுக்குள் நுழைய வேண்டும்; மழை பிடித்தால் லைன் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. மதியம் இரண்டு மணிக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தில் உட்கார ஆரம்பித்தாள். மூன்றாவது மாதம் கண்ணை மூடிக்கொண்டே நான்கையும் திறந்தாள்.

முதல் வாசலில் ஒரு படிவம் இருந்தது. என்றைக்காவது பாஸ்வேர்டு தொலைந்துபோனால் கம்பெனிக்காரர்கள் கேட்பதற்கு ஒரு ரகசியக் கேள்வியும் பதிலும் வைத்துக்கொள்ளச் சொன்னது. கேள்விகளை அதுவே கொடுத்திருந்தது. கல்யாணத்துக்கு முன் அம்மாவின் குடும்பப் பெயர் என்ன? அவள் அம்மா கல்யாணத்துக்கு முன்பும் கண்ணம்மாள், பின்பும் கண்ணம்மாள். வளர்ப்பு நாயின் பெயர்? அது மணி, தலைச்சோலையில் பாதி நாய்க்கு அதுதான் பெயர். கடைசியாக ஒன்று இருந்தது. கணவர் பெயர்.

சென்னம்மாள் அதைத் தேர்ந்தெடுத்தாள். உலகத்திலேயே இதைவிடப் பத்திரமான ரகசியம் இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வராது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

அவள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். எழுதலாம், குற்றமில்லை, ரேஷன் கார்டுக்கு எழுதித்தானே ஆகவேண்டும். வாயால்தான் கூடாது. சென்னம்மாளின் புருஷன் 1990இல் திருச்செங்கோட்டு போர் லாரி ஒன்றில் வேலைக்கு ஏறியவன். கிணறு தோண்டும் அந்த லாரிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ போகும். நாக்பூரிலிருந்து இரண்டு கார்டு போட்டான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லாரி முதலாளியைப் போய்க் கேட்டால், பாதி வழியில் வேறு வண்டிக்கு மாறிப் போய்விட்டான் என்றார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பதை அவள் நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் சோறு போட முடியாத, காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துத் தர முடியாத தூரத்தில் இருக்கிற ஒருவனுக்கு அவளால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். ஒன்பது வருஷமும் தவறாமல் செய்தாள். யாராவது விசாரித்தால் "வேலைக்குப் போயிருக்காருங்க" என்பாள். ஏதோ மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் போலத்தான் அது கேட்கும்.

1999 மே மாதம், சீசன் உச்சத்தில், சென்னைக் கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டரை மாற்றியது. பாதுகாப்புக்காக எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றியது. புதிய பாஸ்வேர்டுகளை வெகு பொறுப்பாக அவரவர் மெயில் பெட்டிக்கு அனுப்பிவைத்தது. மெயில் பெட்டியைத் திறக்க அந்தப் புதிய பாஸ்வேர்டு வேண்டும் என்பதை அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய புத்திசாலிகள் சென்னையிலும் இருக்கிறார்கள்.

நான்கு வாசலும் அடைபட்டுவிட்டன. சீசனுக்கு அறை கேட்டு வந்த கடிதங்கள் எல்லாம் உள்ளே கிடந்தன. சேலம் போயிருந்த பாலசுப்பிரமணியம் மூன்றாம் நாள் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள தொறந்துட்டீன்னா சரி. இல்லாட்டி நாளைக்கு மொத்தத்தையும் இங்க ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரருகிட்டக் குடுத்தர்றேன். நீ பழையபடி போர்வையப் பாத்துக்க, என்ன?"

"சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வது? போனை வைத்த பிறகு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலி அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு சென்னைக்குப் போன் போட்டாள். ஆரோக்கியசெல்வி என்று ஒரு பெண் எடுத்தாள்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். உங்க ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னீங்கன்னா நாலுக்கும் புதுப் பாஸ்வேர்டு இப்பவே தந்துடறேன். கணவர் பேர் சொல்லுங்க."

சென்னம்மாள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எழுதச் சொல்லியாவது, அடிக்கச் சொல்லியாவது கேட்பார்கள் என்று நினைத்திருந்தாளே தவிர, ஒரு மனுஷி காதுக்குள் வந்து கேட்பாள் என்று நினைக்கவே இல்லை.

"எழுதி அனுப்பிச்சரட்டுங்களா?"

"தபால் வர ஒரு வாரம் ஆகும் மேடம்."

"எழுத்தெழுத்தாச் சொல்லட்டுங்களா?"

"அப்படிச் சொன்னா ஒத்துக்கக் கூடாதுன்னு ரூல் மேடம். யாரோ பேப்பரக் காட்டிப் படிக்க வைக்கறாங்கன்னு அர்த்தமாம். பேராவே சொல்லணும்."

"எங்க ஊட்டுக்காரரோட அக்கா இங்கதான் வேலை பாக்கறாங்க. அவுங்க சொன்னா ஆகாதுங்களா?"

"பதிவு பண்ணவங்கதான் சொல்லணும் மேடம்."

சென்னம்மாள் யோசித்தாள். பெண்கள் இந்த மாதிரிச் சமயத்துக்கு வைத்திருக்கும் பழைய வழி ஒன்று உண்டு. அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"ஏனுங்க, மலையில மூலிகையெல்லாம் கண்டுபிடிச்சாங்களே பதினெட்டுப் பேரு. அவுங்களுக்கு மொத்தமா என்ன பேருங்க?"

"சித்தர்களா மேடம்?"

"நொம்பக் கிட்ட வந்துட்டீங்க. அதுலயே ஒருத்தரா வெச்சு, மருவாதியை மட்டும் எடுத்துட்டுச் சொல்லிப் பாருங்க."

ஆரோக்கியசெல்வி சிரித்துவிட்டாள். கேலியான சிரிப்பில்லை. "எங்க அம்மாவும் இப்படித்தான் மேடம், அப்பா பேர சொல்லவே மாட்டாங்க. ஆனா நான் சொல்லி நீங்க ஆமான்னா செல்லாது. சூப்பர்வைசர் பக்கத்துல இருக்காங்க. ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க."

சென்னம்மாள் ரிசீவரைப் பிடித்தபடி இருந்தாள். அவன் எங்கேயோ ஒரு காட்டில் சேறும் சகதியுமாக லாரிப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். இப்போது சொன்னால் அவனுக்கு ஏதாவது ஆகும். அப்படி இல்லையென்றால், அவன் இல்லவே இல்லையென்றால், சொன்னாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்த இரண்டாவது நினைப்பை ஒன்பது வருஷத்தில் அவள் ஒருமுறைகூட முழுசாக நினைத்ததில்லை. பெயரைச் சொல்வதைவிட அதற்குத்தான் அவள் அதிகம் பயந்திருக்கிறாள் என்பது அப்போது தெரிந்தது.

"சித்தன்" என்றாள். குரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"கேக்கல மேடம்."

"சித்தன்."

"லைன் சரியில்ல மேடம், கொஞ்சம் சத்தமா."

"சித்தனுங்க! எங்க ஊட்டுக்காரரு பேரு சித்தனுங்க!"

தோட்டத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். "சரியா இருக்கு மேடம், எழுதிக்கோங்க" என்று ஆரோக்கியசெல்வி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சென்னம்மாள் எழுதிக்கொண்டாள். ஒரு ஏழு ஒன்று போலத் தெரிந்தது, அதைத் திருத்தினாள். கேள்வியை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, அதே இருக்கட்டும் என்றாள்.

போனை வைத்துவிட்டு நான்கு வாசலையும் வரிசையாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் திறந்தன. மெயில் பெட்டியில் நாற்பத்தொரு கடிதங்கள் இருந்தன. முதலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பியபோதுதான், வாசலில் மடித்த போர்வைகளோடு அத்தாயி நிற்பதைப் பார்த்தாள். அத்தாயி சித்தனின் கூடப்பிறந்த அக்கா. சென்னம்மாளுக்கு லாட்ஜில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

சென்னம்மாள் எழுந்து நின்றாள். "வேலைக்காகச் சொல்ல வேண்டியதாப் போச்சுங்கக்கா. தப்புத்தானுங்க."

அத்தாயி உள்ளே வந்தாள். போர்வைகளை மேஜைமேல் வைத்தாள். அதில் ஒன்று சரிந்தது. அதை எடுத்து மறுபடி மேலே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று சென்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் பேரக் காதுல கேட்டு ஒம்பது வருசமாச்சு கண்ணு" என்றாள் அத்தாயி. "உனக்குச் சங்கடமா இருக்குமின்னு ஊட்டுல ஆரும் சொல்றதில்ல. நானுஞ் சொல்றதில்ல. சொல்லாம சொல்லாம அப்பிடி ஒருத்தன் இருந்தானான்னே ஆயிப்போச்சு."

சென்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொருக்காச் சொல்லு."

சென்னம்மாள் சொன்னாள். அத்தாயி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அவளும் மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.